இயற்கைப் பொருள் வேதியியலையும் நிறமாலையியலையும் நம்பி ஆராய்ச்சி வாழ்க்கையில் இறங்கலாமா?

கேட்டவர் முதுகலை வேதியியல் முடித்திருக்கிறார். செடிகளிலிருந்து மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்து அவற்றின் அமைப்பைக் கண்டுபிடிக்கும் துறையில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. பிறகு பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே ஆராய்ச்சி செய்ய வேண்டும். ஆனால் சீனியர்கள், "அந்தக் காலமெல்லாம் மலையேறிப்போச்சு, இனிமேல் எல்லாத்தையும் கணினி பார்த்துக்கும்" என்கிறார்களாம். என்எம்ஆர் (மூலக்கூறைக் காந்தப்புலத்தில் வைத்து, எந்த அணுவுக்குப் பக்கத்தில் எது என்று அறியும் முறை) கணக்குகள் போடப் பிடிக்கும், இது போதுமா என்று கேட்கிறார்.

இறங்கலாம். ஆனால் இந்தத் துறைக்கு வருபவர்களில் பாதிப்பேர் ஒரு செடியின் மேல் உள்ள காதலால் வருகிறார்கள். பாட்டி சொன்ன மூலிகை, ஏதோ ஒரு நோய்க்கு மருந்து, இப்படி. அந்தக் காதல் இரண்டாம் வருடம் வரை தாங்கும். கடைசிவரை உங்களைக் காப்பாற்றப்போவது நிறமாலையை, அதாவது கருவி வரைந்து தரும் சிகரங்களைப் படிக்கும் திறமையும், தான் வரைந்த அமைப்பையே நம்பாமல் மறுபடி பார்க்கும் குணமும்தான். உங்களுக்கு அந்தப் பக்கம் பிடித்திருக்கிறது என்பதால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நிறமாலை பார்ப்பது உங்கள் வேலைநேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மிச்சமெல்லாம் பிரித்தெடுப்பு. காய்ந்த இலையோ வேரோ இரண்டு கிலோ எடுத்துப் பொடியாக்கி, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, ரோட்டரி எவாபரேட்டரில் கரைப்பானை ஓட்டினால் அடியில் கரும்பச்சையாக, தார் மாதிரி ஒரு பிசின் நிற்கும். அதைத் தண்ணீர், ஹெக்சேன், எத்தில் அசிடேட் என்று பங்கு பிரித்து, ஒவ்வொரு பங்கையும் சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஏற்ற வேண்டும். ஆய்வகத்தில் இதைக் ‘காலம் போடுவது’ என்பார்கள். column என்ற ஆங்கிலச் சொல்தான், ஆனால் தமிழில் கேட்கும்போது இவ்வளவு பொருத்தமாக எந்தக் கலைச்சொல்லும் அமைந்ததில்லை. கீழே சொட்டுவதை நூற்றெண்பது சோதனைக் குழாய்களில் பிடித்து, மூன்றுக்கு ஒன்றை டிஎல்சி தகட்டில் (கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தகடு) தொட்டு வைத்து, அனிசால்டிஹைடு தெளித்துச் சூடாக்கிப் பார்ப்பீர்கள். ஊதா, நீலம், பழுப்பு என்று புள்ளிகள் எழும். 41-இலிருந்து 58 வரை ஒரே மாதிரி இருக்கிறது, சேர்த்துவிடலாம் என்று முடிவெடுப்பீர்கள். சேர்த்ததை மறுபடி ஒரு காலம். அப்புறம் மூலக்கூறின் அளவை வைத்துப் பிரிக்கும் செஃபாடெக்ஸ். அப்புறம் உயர் அழுத்தத்தில் பிரிக்கும் எச்பிஎல்சி கருவி. கடைசியில் இரண்டு கிலோ இலைக்கு நாலு மில்லிகிராம் வெள்ளைப் பொடி, குப்பியின் அடியில் இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிற அளவுக்கு மிஞ்சும். இதில் பொறுமை இல்லாதவர்கள் வேறு துறைக்குப் போவதில் தப்பே இல்லை.

அந்த நாலு மில்லிகிராமும் செடியிலிருந்துதான் வந்தது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். நான் முதல் வருடத்தில் தனியாகப் பிரித்தெடுத்த முதல் ‘சுத்தமான’ பொருளின் கதை இது. டிஎல்சியில் ஒரே புள்ளி. புரோட்டான் (ஹைட்ரஜன்) நிறமாலையில் 7.71, 7.53 பிபிஎம் (சிகரம் நிற்கும் இடத்தைச் சொல்லும் அலகு) இரண்டிலும் அழகான, ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்தது மாதிரி இரட்டைச் சிகரங்கள். 4.22-இல் ஆக்சிஜனை ஒட்டிய மெத்திலீன். கீழே ஒரு கூட்டம் அல்கைல் புரோட்டான்கள். அரோமாட்டிக் எஸ்டர்! இரவு பதினோரு மணிக்கு அமைப்பை வரைந்து, பெயர்கூட யோசித்துவிட்டேன். மறுநாள் காலை ஆய்வகத்தில் இருந்த ஒரு அக்கா நிறமாலையை ஐந்து விநாடி பார்த்தார். "மாஸ்ல 149 வருதா?" என்று மட்டும் கேட்டார். மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலையைத்தான் சொன்னார். வந்தது. பெரிய சிகரமே அதுதான். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட். கரைப்பான் கேனிலிருந்தோ ரப்பர் குழாயிலிருந்தோ மூடியிலிருந்தோ கசிந்து, லிட்டர் லிட்டராகக் கரைப்பானை ஆவியாக்கும்போது அடியில் சேர்ந்திருக்கிறது. மூன்று மாத உழைப்பில் நான் பிரித்தெடுத்தது பிளாஸ்டிக். இதே தாலேட்டைச் செடியின் இயற்கைப் பொருள் என்று அச்சிட்ட கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே 149, முழு மூலக்கூறில் சோடியம் ஒட்டினால் 413 என்ற இரண்டு எண்களை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 1.25-இல் எழும் கிரீஸையும், என்எம்ஆர் கரைப்பானான டியூட்டரோகுளோரோஃபார்மில் 1.56-இல் நிற்கும் தண்ணீரையும்.

கரைப்பானே ஏமாற்றுவதும் உண்டு. மெத்தனாலில் நாள்கணக்கில் ஊறிய அமிலம் மெத்தில் எஸ்டராக மாறி வந்து நிற்கும். அசிட்டோன் பக்கத்துப் பக்கத்து இரண்டு ஹைட்ராக்சில்களைப் பிடித்துக்கொண்டு அசிட்டோனைடு ஆகும். செடிக்கு இவை எதுவும் தெரியாது. உங்கள் பட்டியலில் மெத்தில் எஸ்டரோ அசிட்டோனைடோ இருந்தால், கரைப்பானை மாற்றி இன்னொரு முறை எடுத்துப் பார்க்காமல் கட்டுரை எழுதாதீர்கள்.

சரி, நிறமாலைக்கு வருவோம். இந்த வேலையின் ருசி என்ன என்பதை ஒரு மூலக்கூறை வைத்துக் காட்டுகிறேன். மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின். 1971-இல் சீனாவின் து யூயூவின் குழு, செடியைச் சூடாக்கி எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை என்று, கொதிநிலை குறைந்த ஈதரை வைத்துக் குறைந்த வெப்பத்தில் எடுத்தது. அதற்குப் பிறகுதான் சாறு நம்பும்படி வேலை செய்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசில் பாதி. சூடு எதைக் கெடுத்தது என்று நிறமாலையிலிருந்தே ஊகிக்க முடியுமா பார்ப்போம்.

துல்லிய நிறை நிறமாலையில் சோடியம் ஒட்டிய அயனி 305.1359. இதிலிருந்து 15 கார்பன், 22 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன். நிறைவுறாமைக் கணக்கு (வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்ந்து எத்தனை) போட்டால் 5 வருகிறது. கார்பன்-13 நிறமாலையில் 172 பிபிஎம்-இல் ஒரு கார்போனைல் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு). அகச்சிவப்பிலும் அது தெரிகிறது, எஸ்டர் அல்லது லாக்டோன் (வளையமான எஸ்டர்). கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புக்கான சிகரங்கள் எங்கும் இல்லை. அப்படியானால் மீதி 4 வளையங்கள். இது வரை பாடப்புத்தகம்.

இப்போது ஆக்சிஜனைத் தேடுங்கள். வழக்கமான என்எம்ஆரில் ஆக்சிஜன் நேராகத் தெரியாது, அதன் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 79.5-இல் ஹைட்ரஜன் இல்லாத ஒரு கார்பன்: ஒரு ஆக்சிஜன் ஒட்டியிருக்கிறது. 93.7-இல் ஒரு ஹைட்ரஜன் உள்ள கார்பன், அந்த ஹைட்ரஜன் 5.86-இல் தனி ஒற்றைச் சிகரமாக நிற்கிறது: இரண்டு ஆக்சிஜன். 105.4-இல் இன்னொரு ஹைட்ரஜன் இல்லாத கார்பன்: அதற்கும் இரண்டு ஆக்சிஜன். லாக்டோன் கார்போனைலுக்கு இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன் போக ஒரு ஒற்றைப் பிணைப்பு. கூட்டுங்கள்: ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே ஆறு ஒற்றைப் பிணைப்புகள். ஆனால் கார்போனைல் ஆக்சிஜனைத் தள்ளினால் மிச்சம் நாலு ஆக்சிஜன், ஆளுக்கு இரண்டு கை, மொத்தம் எட்டு கைகள். ஆறு கைகள் கார்பனைப் பிடித்திருக்கின்றன. மிச்சமுள்ள இரண்டு கைகள் எங்கே?

ஹைட்ரஜனைப் பிடித்திருக்கலாம் என்று தோன்றும். எண்ணிப் பார்த்தால் மூன்று மெத்தில் (CH3), நாலு மெத்திலீன் (CH2), ஐந்து மெத்தைன் (CH): 9, 8, 5, ஆக 22. எல்லா ஹைட்ரஜனும் கார்பன்மேலேயே தீர்ந்துபோயிற்று. ஹைட்ராக்சில் கிடையாது, அகச்சிவப்பிலும் அதற்கான அகலமான பட்டை இல்லை. ஆக அந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. பெராக்சைடு, அதாவது ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பு. சூட்டில் உடைவது அதுதான், மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்வதும் அதுதான். நிறமாலையில் எங்குமே நேராகத் தெரியாத ஒரு பிணைப்பை, வரவு செலவு பார்த்துப் பிடிக்கிறோம். இந்த இடத்தில் உங்களுக்கு உடம்பு சிலிர்த்தால் நீங்கள் எங்கள் ஆள். (உண்மையான வரலாற்றில் முழு அமைப்பையும் உறுதி செய்தது எக்ஸ்-கதிர்ப் படிகவியல். படிகம் கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.)

இப்படிக் கணக்குப் போட்டும் தவறு வரும், பெரிய ஆட்களுக்கே வந்திருக்கிறது. பித்த அமிலங்களுக்காக ஹைன்ரிக் வீலாண்டுக்கும் ஸ்டெரால்களுக்காக அடோல்ஃப் விண்டாஸுக்கும் 1927, 1928-ஆம் ஆண்டுகளின் நோபல் பரிசு தரப்பட்டபோது அவர்கள் வரைந்திருந்த ஸ்டீராய்டுச் சட்டகமே சரியில்லை. படிகவியலாளர் பெர்னாலின் எக்ஸ்-கதிர் அளவுகள் அந்த வடிவத்தோடு ஒத்துவராமல், 1932-இல்தான் திருத்தினார்கள். வேப்பங்கொட்டையின் அசாடிராக்டினை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் பிரித்தெடுத்தார்கள். 1975-இல் நகனிஷியின் குழு ஓர் அமைப்பைச் சொன்னது. அது திருத்தப்பட்டுச் சரியான அமைப்பு வந்தது 1985 வாக்கில். ஸ்டீவன் லேயின் குழு அதைச் செயற்கையாகத் தொகுத்து முடித்தது 2007-இல், 22 ஆண்டு உழைப்புக்குப் பிறகு. என்எம்ஆர் கையில் இருந்த காலத்தில் நடந்த கதை இது என்பதைக் கவனியுங்கள்.

இன்றைய தவறுகள் பெரும்பாலும் எச்எம்பிசி என்ற இருபரிமாணச் சோதனையிலிருந்து பிறக்கின்றன. 1986-இல் பாக்ஸும் சம்மர்ஸும் தந்த வரம் அது. ஒரு ஹைட்ரஜன் இரண்டு, மூன்று பிணைப்பு தள்ளியிருக்கும் கார்பனோடு பேசுவதைக் காட்டும். ஆனால் அது இரண்டா மூன்றா என்று சொல்லாது. சில சமயம் நாலு பிணைப்பு தள்ளியும் பேசிவிடும், அதையும் சொல்லாது. ஒரு மங்கலான புள்ளியை ‘மூன்று’ என்று படித்த கையோடு வளையம் ஆறிலிருந்து ஐந்தாகிவிடும். மாணவர்களிடம் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: அமைப்பை வரைந்து கொண்டுவந்தால், இதே நிறமாலைக்குப் பொருந்துகிற இன்னொரு அமைப்பையும் வரைந்து, அது ஏன் இல்லை என்று எழுதிக் கொண்டுவர வேண்டும். திட்டிக்கொண்டே செய்வார்கள். ஆனால் செய்வார்கள்.

இனி சீனியர்கள் சொன்னதற்கு வருகிறேன். அவர்கள் பாதி சரி. ஸ்ட்ரிக்னைன் என்ற தாவர விஷத்தை 1818-இல் பிரித்தெடுத்தார்கள், அதன் அமைப்பு 1946-இல் ராபின்சன் கையில்தான் தெளிவானது. இடையில் தலைமுறை தலைமுறையாக வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார்கள். இன்று சில மில்லிகிராமும் ஒரு வார இறுதியும் இருந்தால் நல்ல மாணவர் முடித்துவிடுவார். ரிச்சர்டு எர்ன்ஸ்டின் ஃபூரியர் முறை என்எம்ஆரும் (1991 நோபல்) ஜான் ஃபென்னின், மாஸ் கருவிக்கான எலக்ட்ரோஸ்பிரே அயனியாக்கமும் (2002 நோபல்) செய்த வேலை இது. அதனாலேயே, ‘இன்ன செடியிலிருந்து இரண்டு புதிய சேர்மங்கள்’ என்று மட்டும் எழுதினால் இப்போது நல்ல ஆய்விதழ்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்தச் சேர்மம் என்ன செய்கிறது, செடியோ பூஞ்சையோ அதை எந்த நொதிகளால் கட்டுகிறது, என்று அடுத்த கேள்வியும் உங்களிடம் இருக்க வேண்டும். மரபணுத் தொகுதியைப் படித்து, இந்தப் பாக்டீரியம் இன்ன மாதிரி மூலக்கூறைத் தயாரிக்கக் கூடும் என்று முன்கூட்டியே சொல்லும் வேலை இப்போது சூடாக இருக்கிறது. சாற்றை நேராக மாஸ் கருவியில் ஓட்டி, உடைபடும் விதத்தை வைத்து உறவுக்கார மூலக்கூறுகளை வலைப்படமாகப் போட்டு, தெரிந்தவற்றை ஆரம்பத்திலேயே கழித்துவிடுகிறார்கள். என் காலத்தில் ஆறு மாதம் கழித்து ‘அட, இது பீட்டா-சிட்டோஸ்டெரால்’ என்று, அனேகமாக எல்லாச் செடியிலும் இருக்கிற பொருளைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொள்வோம். இப்போது அது முதல் நாளே தெரிந்துவிடும்.

கணினி பார்த்துக்கொள்ளும் என்பதும் அப்படித்தான். குவாண்டம் கணக்கீட்டால் வேதிநகர்வுகளை (என்எம்ஆர் சிகரங்கள் நிற்கும் இடங்களை) கணித்து, நாலு சாத்தியங்களில் எது பொருந்துகிறது என்று நிகழ்தகவோடு சொல்லும் முறைகள் 2010 முதல் நன்றாகவே இருக்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் சரியான அமைப்பு அந்த நாலில் இல்லையென்றால், இருப்பதில் தேவலை எதுவோ அதற்கு 99 சதவீதம் போட்டுக் கொடுத்துவிடும். அமைப்புகளைத் தானே உருவாக்கும் மென்பொருள்களும் உண்டு. நாலு பிணைப்புப் புள்ளியை மூன்று என்று ஊட்டினால் அவையும் அதையே நம்பும். மூலக்கூறைத் துளைகளுள்ள படிகத்துக்குள் உறிஞ்சவைத்து எக்ஸ்-கதிரால் பார்க்கும் புஜிதாவின் படிகப் பஞ்சு முறை 2013-இலும், தூசு அளவுப் படிகத்தையே எலக்ட்ரான் கற்றையால் படிக்கும் முறை 2018-இலும் வந்து ஆச்சரியப்படுத்தின. எல்லா மூலக்கூறும் அவற்றுக்கு மசிவதில்லை.

தொழில் வாழ்க்கையின் படிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: முனைவர் பட்டம் நாலிலிருந்து ஆறு வருடம், அதன்பின் முதுமுனைவர் ஆய்வு இரண்டோ மூன்றோ வருடம், சிலருக்கு இரண்டு இடங்களில். பிறகு இடம் கிடைத்தால் உதவிப் பேராசிரியர். இதில் ஒன்றே ஒன்று சொல்வேன். முதுமுனைவர் ஆய்வுக்குப் போகும்போது அதே மாதிரி இன்னொரு செடி ஆய்வகத்துக்குப் போகாதீர்கள். உயிர்த்தொகுப்பு, புரத என்எம்ஆர், மாஸ் தரவுகளின் கணக்கீடு என்று இரண்டாவது ஒரு கை வேண்டும். நேர்காணலில், உங்களால் மட்டும் முடிகிறது எது என்று கேட்பார்கள்.

தனி ஆய்வகம் கிடைத்த பிறகு நீங்கள் நாள்பூராவும் செய்யப்போவது வேதியியல் என்று நினைக்காதீர்கள். நிதி விண்ணப்பம், வகுப்பு, விடைத்தாள், உடைந்த பம்பு. என்எம்ஆர் கருவி பெரும்பாலும் பொதுவில் இருக்கும். அதன் காந்தத்துக்கு வாரம்தோறும் திரவ நைட்ரஜனும் சில மாதங்களுக்கு ஒருமுறை திரவ ஹீலியமும் ஊற்ற வேண்டும், அதற்கு ஆளும் பணமும் வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். கார்பனில் என்எம்ஆருக்குத் தெரிகிற 13-ஆம் ஐசோடோப் 1.1 சதவீதம்தான். மாதிரி பாதியானால் அதே தரமான நிறமாலைக்கு நேரம் நாலு மடங்காகும். உங்கள் அரை மில்லிகிராமுக்கு வாரக் கடைசி முழுக்கக் கருவி வேண்டும் என்று கேட்கும்போது பக்கத்து ஆய்வகத்தார் முகம் எப்படிப் போகும் என்பதைப் பார்த்துப் பழகிக்கொள்வீர்கள்.

தாவரவியலாளர் ஒருவரை நண்பராக்கிக்கொள்ளுங்கள். சேகரித்த செடியின் ஒரு கிளையை உலர்த்தி ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடிகளின் காப்பகம்) வைத்து எண் வாங்காமல் ஒரு கிராம்கூட அரைக்காதீர்கள். செடியின் பெயர் தப்பென்றால் கீழே எழுதியது எல்லாம் தப்பு. வேறு நாட்டுச் செடி என்றால் அனுமதியும் வேண்டும். உயிர்வளங்களை எடுப்பதையும் அதன் பலனைப் பகிர்வதையும் பற்றிய நகோயா ஒப்பந்தம் 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, எங்கிருந்து எந்த ஒப்புதலோடு எடுத்தீர்கள் என்று ஆய்விதழ்களும் கேட்கத் தொடங்கிவிட்டன. அப்புறம் உயிரியல் சோதனை. எல்லாச் சோதனையிலும் ‘வேலை செய்யும்’ மூலக்கூறுகள் சில உண்டு. குர்குமினும் குவெர்செட்டினும் அதில் பிரபலம். கண்ணில் பட்ட புரதத்தையெல்லாம் ஒட்டும், தானே ஒளிரும், கருவியைக் குழப்பும். உங்கள் சேர்மம் புற்றுநோய் செல்லைக் கொன்றது என்றால், அதே அளவில் நல்ல செல்லையும் கொன்றதா என்று பார்த்த பிறகு சந்தோஷப்படுங்கள். நிஜமான மருந்துக்கு ஆகிற காலம் தனி: பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962-இல் எடுத்தார்கள், வானியும் வாலும் புற்றுநோய் மருந்தான டாக்சாலின் அமைப்பை 1971-இல் அச்சிட்டார்கள், மருந்தாக அமெரிக்காவில் அனுமதி வந்தது 1992 கடைசியில். ஒரு முழுப் பணிக்காலம்.

பேராசிரியர் இடம் கிடைக்காவிட்டால்? மருந்து நிறுவனங்களில் மாசுப்பொருள்களின் அமைப்பைக் கண்டுபிடிக்கிற வேலை, நறுமணப் பொருள் நிறுவனங்கள், என்எம்ஆர் மையங்களின் பொறுப்பு, எல்லாம் இதே திறமையைத்தான் கேட்கின்றன. அங்கே யாரும் உங்கள் செடியின் பெயரைக் கேட்க மாட்டார்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைப் பட்டியலைவிட ஆய்வகத்துக்கு ஒரு நாள் நேரில் போய்ப் பார்ப்பது மேல். மூன்றாம் வருட மாணவரிடம் தனியாக மூன்று விஷயம் கேளுங்கள். என்எம்ஆருக்கு மாதிரி கொடுத்தால் எத்தனை நாளில் தரவு வருகிறது? கச்சாத் தரவு உங்கள் கையில் வருகிறதா, அச்சிட்ட தாள் மட்டும்தானா? நீங்கள் வரைந்த அமைப்பு தப்பு என்று கடைசியாக எப்போது கண்டுபிடித்தீர்கள், அப்போது சார் என்ன சொன்னார்? மூன்றாவது கேள்விக்கு அந்த மாணவர் சிரித்துக்கொண்டே கதை சொன்னால் அங்கேயே விண்ணப்பம் போடுங்கள். அப்படி எதுவும் இதுவரை நடந்ததே இல்லை என்றால், டீ குடித்துவிட்டு அடுத்த ஆய்வகத்துக்குப் போங்கள்.